ஃபார்மேட்டர் ஓட்டிவிட்டார்கள், என் புல் ரெக்வெஸ்ட் முழுக்க மோதல்: மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதா?

புதுக்கிளை (கேள்வி)

வணக்கம். சிஎஸ்வி கோப்புகளைப் படித்துத் தரும் ஒரு பைத்தான் லைப்ரரிக்கு நான் அனுப்பிய புல் ரெக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கை) பற்றிய கேள்வி இது. தேதிப் பத்தியில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த லைப்ரரி பிழை காட்டி நின்றுவிடும். அதைச் சரிசெய்து, சோதனைகளும் எழுதி அனுப்பினேன். பராமரிப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டு இரண்டு சின்னத் திருத்தங்கள் கேட்டார். செய்தேன். "நன்றாக இருக்கிறது, இன்னொருவரும் பார்க்கட்டும்" என்றார். அதன் பிறகு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

நேற்று எட்டிப் பார்த்தால் சோதனைகள் தேறியதைக் காட்டும் பச்சைக் குறி இருந்த இடத்தில், என் மாற்றம் அவர்களுடையதோடு மோதுகிறது என்ற அறிவிப்பு நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியப்படும் மாற்றத் தொகுப்பு) எல்லாக் கோப்புகளையும் பிளாக் ஃபார்மேட்டர் (நிரலின் எழுத்து வடிவத்தைத் தானாகச் சீராக்கும் கருவி) வழியாக ஓட்டியிருக்கிறார்கள். ஒற்றை மேற்கோள்கள் எல்லாம் இரட்டை மேற்கோள்கள் ஆகிவிட்டன. நீளமான வரிகள் 88 எழுத்துக்குள் மடிக்கப்பட்டிருக்கின்றன. நான் தொட்ட ஃபங்ஷன்களில் ஒரு வரிகூடப் பழைய வடிவத்தில் இல்லை. கிட்ஹப் பக்கத்தில் மோதலைத் தீர்க்கும் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

என் கணினியில் ரீபேஸ் (என் கமிட்டுகளைப் புதிய மெயின் கிளையின் மேல் மறுபடி எடுத்து வைப்பது) செய்து பார்த்தேன். என் கிளையில் ஏழு கமிட்டுகள். முதல் கமிட்டில் சரிசெய்த அதே இடம் இரண்டாவதிலும் மோதுகிறது, மூன்றாவதிலும் மோதுகிறது. வெறுத்துப்போய் அபார்ட் கொடுத்து நிறுத்திவிட்டேன். இன்னொரு குழப்பம்: மோதலைத் தீர்க்கும்போது 'அவர்ஸ்' (நம்முடையது) என்று தேர்ந்தெடுத்தால் என் வரிகள் மறைகின்றன, 'தேர்ஸ்' (அவர்களுடையது) என்றால் என் வரிகள் வருகின்றன. நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

இதை மூடிவிட்டு, புதிய மெயின் கிளையிலிருந்து கையால் எல்லாவற்றையும் மறுபடி எழுதி இன்னொரு புல் ரெக்வெஸ்ட் திறப்பதுதான் வழியா? ஏற்கெனவே ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட கிளையில் ஃபோர்ஸ் புஷ் (அங்கே இருப்பதை மேலெழுதி அனுப்புவது) செய்வது முறையாகுமா என்றும் தெரியவில்லை.

ஸ்குவாஷ்பிரியன்

மூடாதீர்கள். விவாதம், ஒப்புதல் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. புதிதாகத் திறந்தால் பார்ப்பவர் மறுபடி ஆதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ரீபேஸும் வேண்டாம். மெயின் கிளையை உங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்யுங்கள், அதாவது இணைத்துவிடுங்கள். ரீபேஸ் உங்கள் ஏழு கமிட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதால் ஏழு முறை மோதுகிறது. மெர்ஜ் இறுதி நிலைகளை மட்டும் ஒப்பிடும், எனவே ஒரே முறைதான் மோதும். வரலாறு அழுக்காகிவிடும் என்று யாராவது சொன்னால் அந்தத் திட்டத்தின் மூடிய புல் ரெக்வெஸ்ட்களைத் திறந்து பாருங்கள். ஸ்குவாஷ் செய்துதான் (பல கமிட்டுகளை ஒன்றாக்கித்தான்) சேர்க்கிறார்கள் என்றால் உங்கள் கிளைக்குள் என்ன குப்பை இருந்தாலும் மெயினில் ஒரு கமிட்டாகத்தான் விழும். ஃபோர்ஸ் புஷ் கேள்வியும் அதோடு தீர்ந்தது.

பழைய பராமரிப்பாளர்

மேலே இருப்பவர் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடு. ஆனால் மெர்ஜ் செய்தாலும் அந்த ஒரு முறை மோதல் பெரிதாகத்தான் இருக்கும். ஏனென்றால் இங்கே மோதுவது இரண்டு மனிதர்களின் எண்ணங்கள் அல்ல. எதிர்ப்பக்கம் ஒரு இயந்திரம் செய்த வேலை. இயந்திரம் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்து வரிவரியாகச் சரிசெய்ய உட்கார்ந்தால் அரை நாள் போகும், இடையில் ஒரு நிபந்தனை வரியைத் தொலைத்தும் விடுவீர்கள். அதே இயந்திரத்தை உங்கள் கிளையிலும் ஓட்டிவிடுவதுதான் சரி.

அதற்கு முன் 'அவர்ஸ்', 'தேர்ஸ்' பற்றி. கருவி பழுதாகவில்லை. ரீபேஸின்போது கிட் முதலில் மெயினின் நுனிக்குப் போய் நின்றுகொள்கிறது. அங்கிருந்து உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுகிறது. தான் நிற்கும் பக்கம் அதற்கு 'அவர்ஸ்', வந்து சேர்வது 'தேர்ஸ்'. அதனால் ரீபேஸில் உங்கள் வேலை 'தேர்ஸ்' ஆகிறது. மெர்ஜில் நீங்கள் உங்கள் கிளையில் நிற்பதால் தலைகீழாகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கிட் செக்அவுட்டில் அவர்ஸ் என்று ஒரு கோப்பைக் கேட்டால் அந்தக் கோப்பு முழுவதையும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மோதாமல் ஒழுங்காகச் சேர்ந்திருந்த மற்ற இடங்களும் சேர்ந்தே போய்விடும். மெர்ஜுக்குப் பெரிய எக்ஸ் போட்டு அவர்ஸ் கொடுத்தால் மோதிய துண்டுகளில் மட்டும் ஒரு பக்கத்தை எடுக்கும். சின்ன எஸ் போட்டு அவர்ஸ் கொடுத்தால் எதிர்ப்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காது, உங்கள் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு மெர்ஜ் ஆனதாக மட்டும் பதிவு செய்யும். மூன்றும் ஒரே பெயரில் திரிவது கிட்டுக்கே உரிய பெருந்தன்மை.

இனி வேலை. ஃபார்மேட்டரை ஓட்டிய அந்த ஒரு கமிட்டைக் கண்டுபிடியுங்கள். அதை ஃபார்மேட் கமிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிளை இருக்கும் இடத்தில் காப்புக் கிளை ஒன்றைப் போட்டு வையுங்கள். ரீஃப்லாக் (நீங்கள் எந்தெந்தக் கமிட்டில் நின்றீர்கள் என்று கிட் வைக்கும் பதிவேடு) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எந்தக் கிளையிலும் இல்லாத கமிட்டுகளையும் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். ஆனாலும் பதற்றத்தில் ஹாஷ் (கமிட்டின் நீண்ட அடையாளக் குறி) தேடுவதைவிட ஒரு பெயரைத் தேடுவது எளிது.

அடுத்து உங்கள் ஏழு கமிட்டுகளை ஒன்றாக ஸ்குவாஷ் செய்துகொண்டு, மெயினுக்கு அல்ல, ஃபார்மேட் கமிட்டுக்கு நேர் முந்தைய கமிட்டுக்கு ரீபேஸ் செய்யுங்கள். இந்த இடத்தில் மோதினால் அது உண்மையான மோதல். யாரோ ஒருவர் உங்கள் வரிகளுக்கு அருகே உண்மையிலேயே எதையோ மாற்றியிருக்கிறார். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

அது முடிந்ததும் ஃபார்மேட் கமிட்டிலிருந்து பைபுராஜெக்ட் டோமல் கோப்பை மட்டும் உங்கள் கிளைக்குக் கொண்டு வாருங்கள். வரி நீளம் போன்ற அமைப்புகள் அதில்தான் இருக்கும். அவர்கள் பயன்படுத்திய அதே பிளாக் பதிப்பை நிறுவி, மொத்தக் களஞ்சியத்திலும் ஓட்டுங்கள். இப்போது உங்கள் கோப்புகள், உங்கள் மாற்றம் இருந்த நிலையில் அவர்கள் ஃபார்மேட்டரை ஓட்டியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் கிட் ஆட் செய்துவிட்டு, ஃபார்மேட் கமிட்டுக்கு சாஃப்ட் ரீசெட் கொடுத்து, கமிட் செய்யுங்கள். சாஃப்ட் ரீசெட் கோப்புகளைத் தொடாது, நீங்கள் எந்தக் கமிட்டின் மேல் நிற்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றும். ஆகவே புதிய கமிட்டில் ஃபார்மேட் வேறுபாடு ஒன்றும் இருக்காது, நீங்கள் எழுதிய வரிகள் மட்டும், புதிய உடையில்.

கமிட் செய்யும் முன் ஃபார்மேட் கமிட்டோடு ஒரு டிஃப் (வேறுபாடுகளின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். அந்தக் கமிட்டில் ஃபார்மேட்டர் செய்ததோடு கையால் செய்த மாற்றமும் இருக்கலாம். சிஐ (சோதனைகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) அமைப்பில் ஒரு வரி, பங்களிப்பாளர் கையேட்டில் ஒரு பத்தி என்று சேர்த்துவிடுவார்கள். அவை உங்கள் கிளையில் இல்லாததால் நீங்கள் நீக்கியது போலத் தெரியும். அந்தக் கோப்புகளை ஃபார்மேட் கமிட்டிலிருந்து செக்அவுட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். டிஃப்பில் நீங்கள் அறியாத கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கடைசியாக அங்கிருந்து மெயினுக்கு ஒரு சாதாரண ரீபேஸ்.

ஃபோர்ஸ் புஷ் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கிளை, உங்கள் ஃபோர்க் (களஞ்சியத்தின் உங்கள் நகல்). செய்யலாம். வெறும் ஃபோர்ஸ் மட்டும் வேண்டாம், ஃபோர்ஸ் வித் லீஸ் என்று கொடுங்கள். புல் ரெக்வெஸ்டில் 'பராமரிப்பாளர்கள் திருத்த அனுமதி' என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால் அவர்கள் உங்கள் கிளையிலேயே கமிட் போட முடியும். நானே பலருடைய கிளையில் எழுத்துப் பிழை திருத்திப் போட்டிருக்கிறேன். வெறும் ஃபோர்ஸ் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். லீஸ் கொடுத்தால், நீங்கள் கடைசியாகப் பார்த்த இடத்தில் தொலைக்கிளை இல்லையென்றால் புஷ் மறுக்கப்படும். உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்கிறதென்றால் அந்தப் பாதுகாப்பு ஏமாந்துபோகும், அதை மட்டும் அணைத்துவையுங்கள்.

ஃபோர்ஸ் புஷ் ஏன் எரிச்சலூட்டுகிறது என்றால், பார்ப்பவர் கேட்ட திருத்தத்தையும் ரீபேஸையும் ஒரே புஷ்ஷில் போட்டுத் தள்ளுகிறார்கள். எது புதிது, எது இடம்பெயர்ந்தது என்று தெரியாமல் நான் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். ரீபேஸை மட்டும் தனியாகப் புஷ் செய்யுங்கள். "உள்ளடக்கத்தில் மாற்றம் இல்லை, ஃபார்மேட்டருக்குப் பிந்தைய நிலைக்கு நகர்த்தியிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக நான் உங்களை வாழ்த்துவேன்.

ஸ்குவாஷ்பிரியன்

மெர்ஜ் வழியிலும் இதே தந்திரம் செல்லும். ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தையதை மெர்ஜ் செய்து, பிளாக்கை ஓட்டிக் கமிட் செய்து, பிறகு ஃபார்மேட் கமிட்டைச் சின்ன எஸ் அவர்ஸ் முறையில் மெர்ஜ் செய்து, கடைசியில் மெயினை மெர்ஜ் செய்யலாம். கையால் செய்த மாற்றங்கள் பற்றிய எச்சரிக்கை இங்கும் பொருந்தும். ஃபோர்ஸ் புஷ் தேவையில்லை, ஏற்கெனவே பார்த்த கமிட்டுகளும் அப்படியே இருக்கும்.

மோதலை யார் தீர்ப்பது என்பதே ஊருக்கு ஊர் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கெர்னலில் துணை அமைப்புகளின் பராமரிப்பாளர்கள், மோதுகிறது என்பதற்காக மெயினைத் தங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்து அனுப்புவதை லினஸ் டோர்வால்ட்ஸ் விரும்புவதில்லை. மோதலைத் தானே தீர்த்துக்கொள்கிறார். எங்கே மோதும், எப்படித் தீர்க்கலாம் என்று புல் கோரிக்கையில் எழுதினால் போதும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. கிட்ஹப் பக்கத்துத் திட்டங்களில் அனுப்பியவர்தான் தீர்க்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. எனவே பங்களிப்பாளர் கையேட்டை ஒருமுறை படித்துவிட்டு ரீபேஸா மெர்ஜா என்று முடிவு செய்யுங்கள்.

புதுக்கிளை

இருவருக்கும் நன்றி. கையேட்டில் ரீபேஸ் என்றுதான் இருக்கிறது. ஸ்குவாஷ் செய்து, ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தையதற்கு நகர்த்தினேன். ஒரே ஒரு மோதல்தான் வந்தது. ஆனால் அதில் என்ன செய்வதென்று விளங்கவில்லை. மேல் பாதியில் காலி மதிப்பைச் சோதிக்கும் வரி ஒன்று இருக்கிறது, கீழ்ப் பாதியில் என்னுடையது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே செய்வதுபோல் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளவா?

இன்னொரு சிக்கல்: சோதித்துப் பார்க்க என் காப்புக் கிளையின் நகலில் பிளாக்கை ஓட்டினேன். நான் தொடாத கோப்புகளிலும் அவர்களுடையதற்கும் எனக்கும் ஆங்காங்கே வேறுபாடு வருகிறது.

பழைய பராமரிப்பாளர்

இரண்டாவது எளிது. பதிப்பு வேறு. பிளாக் ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரியில், தன் நிலையான பாணியில் மாற்றங்கள் கொண்டுவரும். 2022-இல் பீட்டாவை விட்டு வந்ததிலிருந்து அதுதான் அவர்கள் கொள்கை. அந்தத் திட்டத்தின் பிரீகமிட் (கமிட்டுக்கு முன் இத்தகைய கருவிகளை ஓட்டும் ஏற்பாடு) அமைப்புக் கோப்பில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும். அதுவும் இன்றைய மெயினில் இருப்பதை அல்ல, ஃபார்மேட் கமிட்டின் காலத்தில் இருந்ததைப் பாருங்கள்.

முதலாவதுதான் முக்கியம். மோதலை இரண்டு பாதிகளாகப் பார்த்துத் தீர்க்க முயலாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருப்பது மூன்றாவது: இருவரும் கைவைக்கும் முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது. கிட்டின் கான்ஃபிக்கில் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் என்பதை ஸீடிஃப்3 என்று வையுங்கள். கிட் 2.35 முதல் இருக்கிறது. அதைவிடப் பழைய கிட் என்றால் டிஃப்3. ரீபேஸை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் '<<<<<<<' குறிக்கும் '=======' குறிக்கும் நடுவே '|||||||' என்று இன்னொரு பகுதி தோன்றும். அதுதான் மூல வடிவம்.

மூலத்தையும் மேல் பாதியையும் ஒப்பிட்டு, "அவர் என்ன செய்தார்" என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு மூலத்தையும் கீழ்ப் பாதியையும் ஒப்பிட்டு, "நான் என்ன செய்தேன்" என்று இன்னொரு வாக்கியம். இரண்டு வாக்கியங்களும் உண்மையாகும்படி அந்த இடத்தை எழுதுங்கள். சில சமயம் அது மேல் பாதியாகவும் இருக்காது, கீழ்ப் பாதியாகவும் இருக்காது, புதிதாக ஒரு வரியாக இருக்கும். வாக்கியம் சொல்ல வரவில்லையென்றால் அவருடைய கமிட் செய்தியைப் படியுங்கள். அவர் ஒரு புல் ரெக்வெஸ்ட் வழியாகத்தான் வந்திருப்பார், அங்கே காரணம் இருக்கும்.

புதுக்கிளை

மூலத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மூலத்தில் சோதனையே இல்லை, நேரடியாகத் தேதியாக மாற்றும் வரி மட்டும். அவர் செய்தது: மதிப்பு முழுக்க வெற்று இடைவெளிகளாக இருந்தால் தவிர்ப்பது. நான் செய்தது: மதிப்பு காலிச் சரமாக இருந்தால் நன் (None, பைத்தானில் 'மதிப்பு இல்லை') திருப்புவது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் இடைவெளிகள் மட்டும் உள்ள கட்டத்துக்கு ஒரு விடையும் காலிக் கட்டத்துக்கு வேறு விடையும் வந்திருக்கும். முதலில் ஸ்ட்ரிப் செய்து (ஓர இடைவெளிகளை நீக்கி), காலியானால் நன் திருப்பும்படி ஒரே நிபந்தனையாக எழுதிவிட்டேன்.

பிளாக் பதிப்பைச் சரிசெய்ததும் டிஃப்பில் என் இரண்டு கோப்புகள் மட்டும் நிற்கின்றன, சொன்னபடியே சிஐ கோப்பை மட்டும் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. பிறகு மெயினுக்கு ரீபேஸ். ஒரு மோதலும் இல்லை. ஆனால் சோதனைகளை ஓட்டினால் நான் எழுதியவை அத்தனையும் டைப்எரர் என்று விழுகின்றன! மோதலே இல்லாதபோது எப்படி?

பழைய பராமரிப்பாளர்

கிட்டுக்குப் பைத்தான் தெரியாது. அது வரிகளை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். ஒருவர் ஒரு ஃபங்ஷனை மாற்றி, அதை அழைக்கும் இடங்களையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்தியிருப்பார். உங்கள் சோதனைகள் அப்போது மெயினில் இல்லை, அதனால் அவர் தேடலில் சிக்கவில்லை. நீங்கள் அவர் தொட்ட வரியைத் தொடவில்லை, அதனால் கிட் வாய் திறக்கவில்லை. எந்த ஃபங்ஷனில் டைப்எரர் வருகிறதோ அதற்குக் கிட் லாகை (மாற்ற வரலாற்றை) ஓட்டிப் பாருங்கள்.

இதைவிட மோசமான மோதல் கிடையாது. '<<<<<<<' போட்டு நிறுத்துகிற மோதல் உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறது. இது சொல்லாது. பச்சைக் குறியையும் நம்ப முடியாது: மோதல் இருக்கும் புல் ரெக்வெஸ்டுக்குக் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சோதனைகளை ஓட்டுவதில்லை. முன்பு நீங்கள் பார்த்த பச்சை அன்றைய மெயினுக்கானது. மெர்ஜ் கியூ வைத்திருக்கும் திட்டங்களில் சேர்க்கும் தருணத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். மற்ற இடங்களில், மோதல் இல்லாமல் ரீபேஸ் ஆனாலும் சோதனைகளை உங்கள் கையால் ஓட்டிவிட்டுத்தான் புஷ் செய்ய வேண்டும்.

குறிப்பேடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாற்றக் குறிப்புக் கோப்பைப் பார்த்தீர்களா? எல்லோரும் ஒரே தலைப்புக்குக் கீழே ஒரே இடத்தில் வரி சேர்ப்பதால் பலருக்கு அங்கேதான் முதலில் மோதும். அங்கே மட்டும் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொள்வது சரி. இந்தத் தொல்லைக்காகத்தான் சிபைத்தானில் (பைத்தான் மொழியின் மூலத் திட்டத்தில்) ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனிக் குறிப்புக் கோப்பு வைத்து, வெளியீட்டின்போது பிளர்ப் என்ற கருவியால் தொகுக்கிறார்கள். டவுன்கிரையர் என்ற கருவியும் அதையே செய்கிறது.

லாக் (lock) கோப்புகள், அதாவது சார்புநிலைகளின் துல்லியப் பதிப்புகளைப் பதிந்துவைப்பவை, மோதினால் கையால் தொடவே தொடாதீர்கள். மெயினின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, சார்புநிலைக் கருவியை ஓட்டிப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

புதுக்கிளை

கண்டுபிடித்துவிட்டேன். கோப்பைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு என்கோடிங்கை இனிப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். நான் இரண்டாவது ஆர்கியுமெண்டாகக் கொடுத்திருந்தேன். சோதனைகளில் பெயரைச் சேர்த்ததும் எல்லாம் தேறிவிட்டன. இடைவெளிகள் மட்டும் உள்ள கட்டத்துக்கும் ஒரு சோதனை சேர்த்தேன், அது மட்டும் தனிக் கமிட்.

இந்தத் திட்டத்தில் மாற்றக் குறிப்புக் கோப்பு இல்லை, வெளியீட்டின்போது அவர்களே எழுதுகிறார்கள். ஃபோர்ஸ் வித் லீஸ் முதல் முறை மறுக்கப்பட்டது. ஃபெட்ச் செய்து பார்த்தால் என் கிளையில் பராமரிப்பாளர் ஒரு டாக்ஸ்டிரிங் (ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) திருத்திப் போட்டிருக்கிறார். அதையும் எடுத்து என் கமிட்டுகளுக்கு மேல் செர்ரிபிக் செய்துவிட்டேன். பெயர் அவருடையதாகவே இருக்கட்டும் என்று ஸ்குவாஷ் செய்யவில்லை, சரிதானே?

பழைய பராமரிப்பாளர்

சரி. சேர்க்கும்போது எப்படி வைத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்வார். இப்போது புஷ் செய்யுங்கள். புல் ரெக்வெஸ்டில் மூன்று தகவல்கள் எழுதுங்கள்: ஃபார்மேட்டருக்குப் பிந்தைய நிலைக்கு நகர்த்தியது, இடைவெளிச் சோதனையோடு உங்கள் நிபந்தனையை ஒன்றாக்கிய அந்த ஒரு இடம், என்கோடிங் பெயர் சேர்த்தது. இரண்டாவதை மட்டும் அவர் கவனமாகப் பார்க்க வேண்டும், அதனால் அந்த வரிக்கு நேரடி இணைப்பு கொடுங்கள். "எப்போது மெர்ஜ் செய்வீர்கள்" என்று கேட்க வேண்டாம். "இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள், யாரை அழைக்கலாம்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வது அவருக்கு எளிது.